குறைந்த செலவில் ஆம்ப் மாடலரும் மல்டி எஃபெக்ட்ஸும்: எதைப் பார்த்துத் தேர்வு செய்வது?

நிலாத்தந்தி

அனைவருக்கும் வணக்கம். சில ஆண்டுகளாக எலக்ட்ரிக் கிட்டார் வாசித்து வருகிறேன். என்னிடம் 10 வாட் பயிற்சி ஆம்ப் ஒன்றும், ஓவர்டிரைவ், டிலே என இரண்டு தனிப் பெடல்களும் மட்டுமே இருக்கின்றன. இரவில் பிறர் உறக்கம் கெடாமல் ஹெட்ஃபோனில் வாசிக்க வேண்டும், வாசிப்பதை நேரடியாகக் கணினியில் பதிவு செய்ய வேண்டும், எப்போதாவது நண்பர்களுடன் சேர்ந்து வாசிக்கும்போது அங்குள்ள மிக்ஸரில் இணைத்துக்கொள்ள வேண்டும். இந்த மூன்று தேவைகளுக்கும் தனித்தனியாகக் கருவிகள் வாங்குவதைவிட, பல ஆம்ப்களின் ஒலியைப் போலச் செய்து எஃபெக்டுகளையும் தரும் ஒரே பெட்டியில் முடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பாஸ் ஜிடி-1, ஜூம் ஜி1எக்ஸ் ஃபோர், வாலெட்டன் ஜிபி-200 ஆகியவற்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பழையதாகக் கிடைத்தால் லைன் 6 பாட் கோ-வும் என் கைக்கு எட்டும். விளம்பரங்களில் ஒன்றில் 100 எஃபெக்ட், மற்றொன்றில் 200 எஃபெக்ட் என்று எண்ணிக்கையாகவே சொல்கிறார்கள். ஆம்ப் மாடல்கள் அதிகம் உள்ள பெட்டிதான் நல்ல பெட்டியா? வாங்கும் பெட்டியை என் பழைய ஆம்பிலும் இணைத்து வாசிக்க முடியுமா? கேப்சர் செய்யும் வகைப் பெட்டிகளையே வாங்க வேண்டும் என்று ஒரு நண்பர் வற்புறுத்துகிறார். மாடலிங்குக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டையும் யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். பெரும்பாலும் கோரஸ் கலந்த கிளீன் ஒலியும், ப்ளூஸுக்கான லேசான கிரஞ்சும்தான் வாசிக்கிறேன். கனமான டிஸ்டார்ஷன் எப்போதாவதுதான்.

ஆறாவதுதந்தி

எண்ணிக்கையை முதலில் ஒதுக்கி வையுங்கள். 200 எஃபெக்ட் உள்ள பெட்டியை வாங்கியவர்களும் ஓராண்டுக்குப் பிறகு மூன்று ஆம்ப், ஒரு டிலே, ஒரு ரிவெர்ப் என்ற அளவில்தான் நிற்கிறார்கள். ஒரே நேரத்தில் எத்தனை எஃபெக்டுகள் ஓடும், அவற்றை எந்த வரிசையிலும் அடுக்க முடியுமா என்பதைத்தான் கேட்க வேண்டும். ஜி1எக்ஸ் ஃபோரில் ஒரே நேரத்தில் 5 எஃபெக்டுகள் வரை இயங்கும். ஆம்ப், கேபினெட் (ஸ்பீக்கர் பெட்டி) ஆகியவையும் அந்த ஐந்துக்குள்தான் அடங்க வேண்டும் என்பதால் கோரஸ், டிலே, ரிவெர்ப் மூன்றையும் சேர்த்தவுடன் இடம் தீர்ந்துவிடும். பாட் கோ-வில் வா, வால்யூம், ஆம்ப், கேபினெட், ஈக்வலைசர், எஃபெக்ட் லூப் (வெளிப் பெடல்களை இடையில் இணைக்கும் வழி) ஆகியவற்றுக்கு நிலையான இடங்கள் உண்டு. அவை போக நான்கு இடங்களை நீங்கள் விரும்பியபடி நிரப்பிக்கொள்ளலாம். நீங்கள் வாசிக்கும் வகைக்கு அந்த நான்கு தாராளம்.

மாடலிங்கின் தரத்தைப் பற்றி இன்று பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை என்பது என் கருத்து. ரோலண்டின் விஜி-8 1995-இல் வந்தது. லைன் 6 நிறுவனத்தின் முதல் பாட் 1998-இல் சிவப்பு அவரை விதை வடிவில் வந்தது. அப்போது கேட்டவர்களுக்கு வியப்பாக இருந்த அந்த ஒலியை இன்று மலிவான பெட்டிகளே தாண்டிவிட்டன. 2015-இல் வந்த ஹீலிக்ஸ் விலை உயர்ந்த கருவி. அதே மாடல் தொகுதியிலிருந்துதான் 2020-இல் வந்த பாட் கோ-வுக்கும் ஆம்ப்கள் எடுக்கப்பட்டன. விலை குறைந்தபோது குறைக்கப்பட்டது கணக்கிடும் திறன்தான். பாட் கோ-வில் ஒரு ப்ரீசெட்டில் (சேமித்து வைக்கும் ஒலி அமைப்பில்) ஒரே ஓர் ஆம்புக்குத்தான் இடம். இரண்டு ஆம்புகளைப் பக்கம் பக்கமாக ஓட்ட இயலாது. வீட்டில் வாசிப்பவருக்கு இது ஒரு குறையாகவே தெரியாது.

ஒலித்தரத்தைக் காதால் சோதிக்க வழி ஒன்று உண்டு. கெயினை நன்றாக ஏற்றி, மெல்லிய தந்தியில் 12-ஆம் ஃபிரட்டுக்கு மேலே ஒரு சுரத்தைப் பிடித்து மெதுவாக வளைத்து இழுங்கள். சுரம் மேலே ஏற ஏற, அதன் அடியில் மங்கலான விசில் போன்ற ஒன்று எதிர்த்திசையில் கீழே இறங்குவது கேட்டால் அது அலியாசிங். 48 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் கருவி 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஒலியைக் குறிக்க முடியும். டிஸ்டார்ஷன் அதற்கும் மேலே உருவாக்கும் மேற்சுரங்கள் மடங்கி, கேட்கும் எல்லைக்குள்ளேயே பொருந்தாத சுரங்களாகத் திரும்பி வருகின்றன. நல்ல கருவிகள் உள்ளுக்குள் பல மடங்கு வேகத்தில் கணக்கிட்டு இதைத் தவிர்க்கின்றன. நீங்கள் கிளீனும் கிரஞ்சுமே அதிகம் வாசிப்பதால் இது உங்களை அதிகம் பாதிக்காது. ஆனாலும் கடையில் சோதிக்கும்போது இதைச் செய்து பார்க்க அரை நிமிடம் கூட ஆகாது.

உங்கள் ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பெட்டியின் முடிவில் இருக்கும் ஸ்பீக்கர்தான். புதிதாக வாங்குபவர்கள் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் ஏறத்தாழ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகத் தணிந்துவிடும். அதனால்தான் டிஸ்டார்ஷனின் கூரிய ஓரங்கள் காதைக் குத்துவதில்லை. ஹெட்ஃபோனும் மிக்ஸருடன் இணைந்த ஸ்பீக்கரும் 20 கிலோஹெர்ட்ஸ் வரை எல்லாவற்றையும் ஒலிக்கும். ஆகவே அங்கே கேபினெட் சிமுலேஷன் கட்டாயம் இயங்க வேண்டும். அதை நிறுத்திவிட்டுக் கேட்டுப் பாருங்கள், தேனீக் கூட்டத்தைத் தகரப் பெட்டியில் அடைத்தது போல இரையும். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பது ஓர் உண்மையான ஸ்பீக்கர் பெட்டியும் அதன் முன் வைத்த மைக்கும் சேர்ந்து ஒலியை எப்படி வடிகட்டுகின்றன என்பதன் மிகச் சிறிய பதிவு. பொதுவாக 1024 அல்லது 2048 மாதிரிகள் இருக்கும், அதாவது 48 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 21 அல்லது 43 மில்லிசெகண்ட். வெளியிலிருந்து இந்தக் கோப்புகளை ஏற்றிக்கொள்ளும் வசதி உள்ள பெட்டியையே வாங்குங்கள். ஆம்ப் மாடல் சுமாராக இருந்தாலும் நல்ல இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் அதைத் தூக்கி நிறுத்திவிடும். ஆம்ப் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் மோசமான இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் அதைக் கெடுத்துவிடும். பட்டியலில் உள்ள ஜிடி-1-இல் இந்த வசதி இல்லை என்பதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

மேடைப்பின்

மேலே ஆறாவதுதந்தி சொன்னதை அப்படியே ஏற்கிறேன். பழைய ஆம்ப் பற்றிய கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

இணைக்கலாம், ஆனால் பெட்டியில் உள்ள எல்லாவற்றையும் ஓடவிட்டு இணைக்கக் கூடாது. உங்கள் ஆம்பின் முன்பக்க உள்ளீட்டில் மாடலரைச் செருகினால், மாடலரின் ஆம்பும் கேபினெட்டும் உண்மையான ஆம்பின் ப்ரீஆம்பையும் (ஒலியின் தன்மையை அமைக்கும் முதல் பகுதி) ஸ்பீக்கரையும் மீண்டும் ஒருமுறை கடந்து வரும். ஒலி மூடிய அறைக்குள்ளிருந்து கேட்பது போல மந்தமாகிவிடும். அப்படி இணைக்கும்போது ஆம்ப், கேபினெட் இரண்டையும் நிறுத்திவிட்டு ஓவர்டிரைவ், கோரஸ், டிலே ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஆம்பின் பின்புறம் எஃபெக்ட் லூப் ரிட்டர்ன் இருந்தால் அங்கே இணைத்து, மாடலரின் ஆம்பை ஓடவிட்டுக் கேபினெட்டை மட்டும் நிறுத்தலாம். சிறிய பயிற்சி ஆம்ப்களில் பெரும்பாலும் அது இருக்காது. பாட்டு கேட்பதற்கான ஆக்ஸ் உள்ளீடு இருந்தால் அது ப்ரீஆம்பின் பெரும்பகுதியைத் தாண்டிச் செல்லும் என்பதால் அதையும் முயன்று பார்க்கலாம்.

மிக்ஸரில் இணைக்கும்போது பொது அமைப்புகளில் வெளியீட்டு அளவைப் பாருங்கள். பல பெட்டிகளில் கிட்டார் ஆம்புக்கு ஓர் அளவு, மிக்ஸருக்கு லைன் அளவு என்று தேர்வு இருக்கும். அது தவறாக இருந்தால் மிக்ஸரில் கெயினை எவ்வளவு ஏற்றினாலும் ஒலி மெலிந்தே வரும், இல்லையென்றால் தொடக்கத்திலேயே உடைந்து வரும். அங்கே ஒரே ஒரு கேபிள் தருகிறார்கள் என்றால் இடது வெளியீட்டில் மட்டும் செருகுங்கள். இடம் வலமாகத் துள்ளும் டிலேயும் அகலமான ஸ்டீரியோ கோரஸும் அப்போது மோனோவாகச் சுருங்கும் என்பதால் வீட்டிலேயே ஒருமுறை மோனோவில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. வாலெட்டன் ஜிபி-200-இல் எக்ஸ்எல்ஆர் (மைக் கேபிள் வகை) வெளியீடு இருக்கிறது, பாட் கோ-வில் இல்லை. நீளமான கேபிள் இழுக்கும் இடங்களில் இந்த வேறுபாடு இரைச்சலில் தெரியும். சாதாரண வெளியீட்டை எக்ஸ்எல்ஆருக்கு மாற்றித் தரும் டிஐ பெட்டி ஒன்று இருந்தால் பாட் கோ-வுக்கும் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடும்.

மற்றொன்று ஃபுட்சுவிட்ச். வீட்டில் உட்கார்ந்து வாசிக்கும்போது இரண்டே போதும் போலத் தோன்றும். பாடலின் நடுவில் கிளீனிலிருந்து கிரஞ்சுக்குப் போக வேண்டும், தனி வாசிப்பு வரும்போது ஒலியை ஏற்ற வேண்டும், டிலேயை நிறுத்த வேண்டும் என்று வரும்போது இரண்டு ஃபுட்சுவிட்ச் உள்ள பெட்டியில் ப்ரீசெட்டுகளை வரிசையாகத் தாண்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும். ப்ரீசெட் மாறும் நொடியில் ஒலி அறுந்து போகிறதா, முந்தைய டிலேயின் வால் தொடர்ந்து தேய்கிறதா என்பதையும் கடையிலேயே சோதியுங்கள். பாட் கோ-வில் ஒரே ப்ரீசெட்டுக்குள் நான்கு ஸ்னாப்ஷாட்டுகளை, அதாவது அதே எஃபெக்டுகளின் வெவ்வேறு நிலைகளை, வைத்துக்கொண்டு அவற்றுக்கிடையே அறுபடாமல் தாவலாம். மேடையில் இது எத்தனை ஆம்ப் மாடல்களையும்விட மதிப்புள்ளது.

கணினிவாசி

கேப்சரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மாடலிங்கில் ஓர் ஆம்பின் மின்சுற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதை நிரலாக எழுதுகிறார்கள். கெயின், பாஸ், ட்ரெபிள் குமிழ்களைத் திருப்பினால் உண்மையான ஆம்பில் நடப்பது போலவே ஒன்றையொன்று பாதிக்கும்படி அது அமைந்திருக்கும். கேப்சர் என்பது ஒரு குறிப்பிட்ட ஆம்பை ஒரு குறிப்பிட்ட குமிழ் நிலையில் வைத்து, சோதனை ஒலியை உள்ளே அனுப்பி, வெளியே வருவதோடு ஒப்பிட்டு அந்த நிலையை மட்டும் கற்றுக்கொள்வது. 2011-இல் வந்த கெம்பர் ப்ரொஃபைலர் இதைப் பரவலாக்கியது. இப்போது டோனெக்ஸ், நியூரல் ஆம்ப் மாடலர் போன்றவை நரம்பணுப் பிணையங்களைக் கொண்டு இதைச் செய்கின்றன. அந்த ஒரு நிலையில் கேப்சர் மிக நெருக்கமாகவே இருக்கும், தந்தியை மெதுவாகத் தொட்டாலும் அழுத்தி மீட்டினாலும் அசல் போலவே பதில் தரும். ஆனால் அங்கிருந்து கெயினை வெகுதூரம் திருப்பினால் அது அந்த ஆம்பின் நடத்தை அல்ல, அந்த நிலைக்கு முன்னும் பின்னும் ஒலியளவை ஏற்றி இறக்குவதுதான்.

ஆகவே உங்களுக்குப் பிடித்த இரண்டு மூன்று ஒலிகள் எவை என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்குக் கேப்சர் பெட்டி மிகப் பொருத்தம். இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு, குமிழைத் திருப்பித் திருப்பிக் கற்றுக்கொள்ள, மாடலிங்கே நல்லது. டோனெக்ஸ் ஒன் போன்ற மிகச் சிறிய பெட்டிகளில் ஒரே ஒரு ஃபுட்சுவிட்ச்தான் இருக்கும் என்பதையும் உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

எதையும் வாங்கும் முன் ஒரு யோசனை. நியூரல் ஆம்ப் மாடலர் திறந்த மூல மென்பொருள், இலவசம். கணினியும், கிட்டார் ஒலியைக் கணினிக்குள் கொண்டுசெல்லும் ஆடியோ இன்டர்ஃபேஸும் இருந்தால் பிறர் பகிர்ந்த கேப்சர்களை அதில் ஏற்றி வாசித்துப் பார்த்து, எந்த வகை ஆம்ப் உங்கள் கைக்கு ஒத்துவருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். கிட்டாரை இன்டர்ஃபேஸின் இன்ஸ்ட்ருமென்ட் உள்ளீட்டில் மட்டுமே செருகுங்கள். பாஸிவ் பிக்கப்புகளுக்கு ஏறத்தாழ 1 மெகாஓம் உள்ளீட்டு மின்மறுப்பு தேவை. சாதாரண லைன் உள்ளீட்டில் செருகினால் மேல் ஒலிகள் மழுங்கிப்போகும், அதைக் கேட்டுவிட்டு மென்பொருள் சரியில்லை என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். பஃபர் அளவை (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலி மாதிரிகளின் எண்ணிக்கை) 128-க்கு அருகில் வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு வழிக்கு ஏறத்தாழ 2.7 மில்லிசெகண்ட் தாமதம். இன்டர்ஃபேஸும் கணினியும் இன்னும் கொஞ்சம் சேர்க்கும். ஒலி காற்றில் ஒரு மீட்டர் போக ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் ஆகிறது என்பதோடு ஒப்பிட்டால், ஆம்பிலிருந்து சில அடிகள் தள்ளி நின்று வாசிப்பதைவிடப் பெரிய வேறுபாடு இல்லை.

நிலாத்தந்தி

இத்தனை பொறுமையாக எழுதியதற்கு மூவருக்கும் நன்றி. வாசிக்க உட்காரும் ஒவ்வொரு முறையும் கணினியைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே பெட்டிதான் வேண்டும். கேப்சர் எனக்கு இப்போதைக்குத் தேவையில்லை என்பதும் புரிந்துவிட்டது. ஜிடி-1, ஜி1எக்ஸ் ஃபோர் இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாமா? புதிய ஜிபி-200, பழைய பாட் கோ என்ற இரண்டுக்குள் முடிவு செய்வதானால், பழையதை வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பழையபெட்டி

ஜிடி-1-ஐ அவ்வளவு எளிதாகத் தள்ளிவிட வேண்டாம். நான்கு பென்சில் பேட்டரிகளில் இயங்கும், கிட்டார் பையின் முன் அறையிலேயே அடங்கிவிடும், 2016-இல் வந்தாலும் இன்றும் உறுதியான பெட்டி. ஆனால் எஃபெக்ட் லூப் கிடையாது, ஆறாவதுதந்தி சொன்னபடி வெளி இம்பல்ஸ் ரெஸ்பான்ஸும் ஏற்ற முடியாது. கையோடு எடுத்துச் சென்று ஹெட்ஃபோனில் வாசிப்பதே முதன்மைத் தேவை என்றால் நான் அதைத்தான் சொல்வேன். ஜி1எக்ஸ் ஃபோரிலும் பேட்டரி வசதி உண்டு. ஆனால் அதன் யூஎஸ்பி, ப்ரீசெட்டுகளைத் திருத்துவதற்கும் ஃபர்ம்வேர் (பெட்டியின் உள் மென்பொருள்) ஏற்றுவதற்கும்தான். ஆடியோ இன்டர்ஃபேஸாகப் பயன்படாது. நேரடியாகக் கணினியில் பதிவு செய்ய வேண்டும் என்று நீங்களே எழுதியிருப்பதால் அது உங்களுக்கு ஆகாது.

பழைய பாட் கோ பார்க்கப் போகும்போது ஹெட்ஃபோனையும் யூஎஸ்பி கேபிளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு ஃபுட்சுவிட்சையும் பலமுறை மெதுவாக அழுத்துங்கள். ஒருமுறை அழுத்தினால் இருமுறை வேலை செய்கிறதா, அல்லது அழுத்தியும் வேலை செய்யாமல் போகிறதா என்பது வேகமாக அழுத்தும்போது தெரியாது. திரைக்குக் கீழே உள்ள குமிழ்களை ஒரே திசையில் சீராகத் திருப்புங்கள். எண் முன்னும் பின்னும் குதித்தால் அந்தக் குமிழ் தேய்ந்துவிட்டது என்று பொருள். எக்ஸ்பிரஷன் பெடலைக் குதிகாலிலிருந்து முன்கால் வரை முழுவதும் ஓட்டி, 0-விலிருந்து 100 வரை அளவு முழுமையாக நகர்கிறதா என்று பாருங்கள். கேபிளைச் செருகிய பிறகு ஜாக்கை லேசாக அசைத்தால் ஒலி விட்டுவிட்டு வரக்கூடாது. கணினியில் இணைத்து, திருத்தும் மென்பொருள் பெட்டியை அடையாளம் காண்கிறதா என்பதையும் விற்பவர் முன்னிலையிலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். யூஎஸ்பி துளை உடைந்த பெட்டி ஒலிக்கும், ஆனால் அதன் ஃபர்ம்வேரை இனி ஒருபோதும் புதுப்பிக்க முடியாது.

அசல் அடாப்டர் இல்லாமல் பழைய பெட்டி எதையும் வாங்காதீர்கள். தனிப் பெடலுக்கு வைத்திருக்கும் 9 வோல்ட் அடாப்டர் போதிய மின்னோட்டம் தராது. பழைய பாட் 2.0 போன்ற சில பெட்டிகளுக்கு 9 வோல்ட் ஏசி தேவைப்பட்டது. செருகி ஒன்றாக இருக்கிறது என்பதற்காக டிசி அடாப்டரைச் செருகிப் பார்ப்பதும், ஏசி அடாப்டரை டிசி பெட்டியில் செருகுவதும் ஆபத்தானவை.

என் தேர்வைக் கேட்டால், மேற்சொன்ன சோதனைகளில் தேறினால் பாட் கோ. ஸ்னாப்ஷாட் வசதியும் ஆம்ப் மாடல்களின் தரமும் அதற்குக் காரணம். எதிலாவது தயக்கம் இருந்தால் உத்தரவாதத்தோடு புதிய ஜிபி-200. எக்ஸ்எல்ஆர் வெளியீடும் அதோடு சேர்ந்து வரும்.

நிலாத்தந்தி

வார இறுதியில் பாட் கோ-வைப் பார்க்கச் செல்கிறேன். கடைசியாக ஒரு சந்தேகம். ஹெட்ஃபோனில் அருமையாக ஒலிக்கும் ப்ரீசெட் பெரிய ஸ்பீக்கரில் கடூரமாகிவிடுகிறது என்று பலரும் எழுதுகிறார்களே, அது பெட்டியின் குறையா?

ஆறாவதுதந்தி

பெட்டியின் குறை இல்லை. நம் காதின் இயல்பு. ஒலி குறைவாக இருக்கும்போது தாழ்ந்த ஒலிகளும் மிக உயர்ந்த ஒலிகளும் நடுப்பகுதியைவிடக் குறைவாகவே கேட்கும் என்பதை ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து வெளியிட்டார்கள். இரவில் மெல்லிய ஒலியில் ப்ரீசெட் அமைப்பவர் தன்னையறியாமல் பாஸையும் ட்ரெபிளையும் கூட்டிவிடுகிறார். அதே ப்ரீசெட்டைக் குழுவோடு உரத்து வாசிக்கும்போது இரண்டும் வீங்கித் தெரிகின்றன. போதாததற்கு, கீழே பாஸ் கிட்டாரும் டிரம்மும் ஏற்கெனவே இடத்தை நிரப்பியிருக்கும்.

கிட்டாரின் தடித்த தந்தி, வழக்கமான சுருதியில், ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. ஆகவே கேபினெட் பகுதியில் லோ கட்டை (அதற்குக் கீழுள்ளதை வெட்டுவது) 80 முதல் 100 ஹெர்ட்ஸிலும், ஹை கட்டை (அதற்கு மேலுள்ளதை வெட்டுவது) 6 கிலோஹெர்ட்ஸ் அருகிலும் வைத்துத் தொடங்குங்கள். தனியாகக் கேட்கும்போது கொஞ்சம் மெலிந்தது போலத் தோன்றும், குழுவில் அதுவே தெளிவாக நிற்கும். ரிவெர்பையும் கெயினையும் வீட்டில் பிடித்த அளவிலிருந்து சற்றுக் குறையுங்கள். ப்ரீசெட்டுகளின் ஒலியளவை ஒன்றோடொன்று ஒப்பிடும்போது கிளீனை அடிப்படையாக வைத்துக்கொண்டு, ஆம்பின் மாஸ்டரைத் தொடாமல் சேனல் வால்யூமில் மட்டும் மற்றவற்றைச் சரிசெய்யுங்கள். மாஸ்டரைத் திருப்பினால் ஒலியளவோடு ஒலியின் தன்மையும் மாறிவிடும்.

பெட்டி கைக்கு வந்தவுடன் ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கத் தோன்றும். அதற்கு முன், பழைய உரிமையாளர் விட்டுச்சென்ற ப்ரீசெட்டுகளில் பிடித்தவை இருந்தால் முழுவதையும் கணினியில் காப்பெடுத்துவிடுங்கள். புதுப்பித்தல் முடியும் வரை யூஎஸ்பி கேபிளையும் மின் இணைப்பையும் தொடாதீர்கள். யூஎஸ்பி ஹப் வழியாக இணைக்காமல் கணினியின் துளையிலேயே நேரடியாகச் செருகுங்கள்.